வளவுக்குள் ஒரு வளவு: இரண்டு ரவுட்டர் தாண்டி வீட்டு மீடியா சர்வரை எட்டுவது எப்படி?

“தம்பி, இன்னும் சுத்திக்கிட்டேதான்டா இருக்கு.”

மூன்று ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து அக்காவிடமிருந்து இதே போன். அக்கா இருப்பது பெங்களூரில். சர்வர் இருப்பது மதுரை விளாங்குடியில், எங்கள் வீட்டு மாடியறை அலமாரியில். சர்வர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பழைய லேப்டாப், அதில் சொருகிய ஹார்ட் டிஸ்க். அப்பா ஹேண்டிகேமில் எடுத்த காதுகுத்து, கல்யாணம், ஒரு சித்ரா பௌர்ணமியன்று அழகர் ஆற்றில் இறங்கியது எல்லாம் அதற்குள் இருக்கிறது. வீட்டுக்குள் எந்த போனில் போட்டாலும் கண்ணாடி மாதிரி ஓடும். வாசலைத் தாண்டினால் வட்டம் சுற்றும்.

மூன்று வாரமும் நான் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். மாடி ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (என்னவென்று கீழே சொல்கிறேன்) போட்டேன், அழித்தேன், வேறு எண் கொடுத்துப் பார்த்தேன், ரீஸ்டார்ட் செய்தேன். அடைத்திருந்த கதவு கீழே ஹாலில் இருந்த ஃபைபர் பெட்டியில். நான் தட்டிக்கொண்டிருந்தது மாடிக் கதவை. அந்த மூன்று ஞாயிறு உங்களுக்காவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். சர்வரில் ஜெல்லிஃபின், பிளெக்ஸ், எம்பி (Emby) என்று எந்த மீடியா மென்பொருளை வைத்திருந்தாலும் வழி ஒன்றுதான். போர்ட் எண், அதாவது அந்த மென்பொருளைக் கேட்டு வருவதற்கான எண், மட்டும் மாறும்: பிளெக்ஸுக்கு 32400, ஜெல்லிஃபினுக்கும் எம்பிக்கும் 8096.

ஏன் இப்படி ஆகிறது?

மதுரைக்காரர்களுக்கு வளவு என்றால் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: தெருவைப் பார்த்து ஒரே வாசல், உள்ளே நுழைந்தால் வரிசையாக ஏழெட்டுக் குடித்தனம், நடுவில் ஒரு குழாயடி. தெருவுக்குத் தெரிந்த கதவு எண் ஒன்றுதான். உள்ளே மூன்றாம் வீடு, ஐந்தாம் வீடு என்பதெல்லாம் வளவுக்காரர்களுக்குள் வைத்துக்கொண்ட கணக்கு.

ரவுட்டர் அந்த வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆள். உள்ளேயிருந்து யாராவது வெளியே ஒன்றைக் கேட்டு அனுப்பினால், கேட்டது யார் என்று குறித்து வைத்துக்கொண்டு, பதில் வந்ததும் அந்த வீட்டில் சேர்த்துவிடும். அதனால்தான் யூடியூப் பார்க்க நீங்கள் எந்த செட்டிங்கும் தொட வேண்டியதில்லை. ஆனால் யாரும் கேட்காமல் வெளியிலிருந்து ஒரு ஆள் வந்து நின்றால், எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று ரவுட்டருக்குத் தெரியாது, பேசாமல் திருப்பிவிடும். அக்காவின் போன் அப்படி வந்து நிற்கிற ஆள். “32400 என்று சொல்லிக்கொண்டு வந்தால் மூன்றாம் வீட்டுக்கு அனுப்பு” என்று வாசலில் ஒரு சீட்டு ஒட்டி வைப்பதற்குப் பெயர்தான் போர்ட் ஃபார்வர்டிங்.

இப்போது வளவுக்குள் இன்னொரு வளவு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்நெட் கம்பெனிக்காரர் மாட்டிவிட்டுப் போன ஃபைபர் பெட்டியே ஒரு ரவுட்டர். கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்கு வைஃபை ஏறவில்லை என்று டவுன் ஹால் ரோட்டில் நீங்கள் வாங்கி வந்தது இரண்டாவது ரவுட்டர். உள்வாசலில் சீட்டு இருக்கிறது, வெளிவாசலில் இல்லை. வந்த ஆள் வெளிவாசலோடு திரும்பிவிடுகிறான். ஒரே வாசல் முகவரிக்குப் பின்னால் பல வீடுகளை வைப்பதற்கு நாட் என்று பெயர். அது இரண்டு முறை நடப்பதால் இதை டபுள் நாட் என்கிறார்கள்.

இதில் பிளெக்ஸ் ஒரு வேடிக்கை காட்டும். ரிமோட் ஆக்சஸ் பக்கத்தில் பச்சையாகச் சில வினாடி “கிடைக்கிறது” என்று காட்டிவிட்டு, நீங்கள் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் சிவப்பாகிவிடும். யுபிஎன்பி என்ற வசதி மூலம் தனக்குப் பக்கத்திலிருக்கும் ரவுட்டரிடம் போர்ட் கேட்கிறது. அதுவும் திறந்து கொடுக்கிறது. பிளெக்ஸ் காரியம் முடிந்தது என்று நினைக்கிறது. அப்புறம் வெளியிலிருந்து சோதித்துப் பார்க்கும்போது வெளிவாசலில் முட்டிக்கொள்கிறது. பச்சை வந்து சிவப்பாகிறதா? பெரும்பாலும் இரண்டு வாசல்தான்.

முதல் படி: வீட்டுக்குள் ஓடுகிறதா?

சர்வர் இருக்கும் ரவுட்டரின் வைஃபையில் போனை இணைத்து, பிரவுசரில் சர்வரின் ஐபி (நெட்வொர்க்கில் அதன் முகவரி), ஒரு முக்காற்புள்ளி, போர்ட் எண் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு 192.168.50.20:8096. இதுவே வரவில்லையென்றால் ரவுட்டர்களை விட்டுவிட்டு முதலில் சர்வரைக் கவனியுங்கள். விண்டோஸ் என்றால் ஃபயர்வாலை, அதாவது கம்ப்யூட்டரின் சொந்தக் காவலை, பாருங்கள். ரவுட்டர் மாறினால் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டு “பப்ளிக்” வகையில் போட்டுவிடும். அப்புறம் எவரையும் உள்ளே விடாது. “பிரைவேட்” என்று மாற்றினாலே பாதிப் பேருக்குச் சரியாகிவிடும். சர்வரில் விபிஎன் (இணையப் போக்குவரத்தை வேறு வழியாகத் திருப்பிவிடும் செயலி) ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள்.

இன்னொன்று. வீட்டில் இரண்டு வைஃபை பெயர் இருந்தால், மாடியில் தெரிகிற சர்வர் ஹால் டிவியில் தெரியாது. டிவி வெளி வளவில் இருக்கிறது, சர்வர் உள் வளவில். உள்ளிருப்பவன் வெளியே போகலாம், வெளியிலிருப்பவன் உள்ளே வர முடியாது. டிவி கெட்டுப்போனதாக நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம்.

இரண்டாம் படி: தாளும் பேனாவும்

இதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான படி. இதைத் தாண்டிக் குதித்துப் போனவன் நான்.

பின்பக்கம் காலியாக இருக்கும் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் சர்வர், அடுத்து உள் ரவுட்டர், அடுத்து ஃபைபர் பெட்டி, கடைசியில் வெளி உலகம் என்று நான்கு கட்டம் போடுங்கள். ஒவ்வொரு ரவுட்டருக்கும் இரண்டு முகவரி உண்டு. வீட்டைப் பார்த்த பக்கம் ஒன்று, அதை லேன் என்பார்கள். தெருவைப் பார்த்த பக்கம் ஒன்று, அதை வேன் என்பார்கள். முகூர்த்தத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன் இல்லை. நமக்கு வேண்டியது வேன் பக்க முகவரி.

உள் ரவுட்டரில் நுழையுங்கள். நுழையும் முகவரி, பயனர் பெயர், பாஸ்வேர்ட் எல்லாம் பெட்டியின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். “ஸ்டேட்டஸ்” அல்லது “இன்டர்நெட்” என்ற பக்கத்தில் வேன் ஐபி தெரியும். அதை எழுதிக்கொண்டு, இந்தக் கணக்கோடு ஒப்பிடுங்கள்:

192.168 என்று தொடங்கினால் அது வீட்டுக்குள் புழங்குகிற முகவரி. 10 என்று தொடங்கினாலும் அப்படித்தான். 172 என்று தொடங்கினால் இரண்டாவது எண்ணைப் பாருங்கள். 16 முதல் 31 வரை இருந்தால் மட்டும் உள்முகவரி, 172.40 என்றெல்லாம் இருந்தால் அது பொது முகவரி. இந்த மூன்று தொகுதிகளையும் வீட்டுக்கும் அலுவலகத்துக்குமென்று 1990-களிலேயே ஒதுக்கிவிட்டார்கள். உள் ரவுட்டரின் வேன் ஐபி இவற்றில் ஒன்றாக இருந்தால், அதற்கு வெளியே இன்னொரு வாசல் இருக்கிறது.

அடுத்து ஃபைபர் பெட்டிக்குள் நுழையுங்கள். எங்கள் வீட்டில் அது டிவிக்கு மேல் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அடியிலிருக்கும் ஸ்டிக்கரைப் படிக்க ஸ்டூல் போட்டு ஏறி, டார்ச் அடித்து, போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கித்தான் பார்க்க வேண்டியிருந்தது. கண்ணாடி இழைக் கேபிளை மட்டும் மடக்கிவிடாதீர்கள். சிவப்பு விளக்கு சிமிட்ட ஆரம்பித்தால் உங்கள் சர்வர் கதை அன்றோடு நின்றுபோய் லைன்மேன் கதை ஆரம்பித்துவிடும்.

இந்தப் பெட்டியிலும் வேன் ஐபியைப் பாருங்கள். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. பல பெட்டிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட வேன் வரிசைகள் தெரியும். ஒன்று கம்பெனி தூரத்திலிருந்து பெட்டியைப் பார்த்துக்கொள்வதற்கு, ஒன்று லேண்ட்லைன் போனுக்கு, ஒன்று இன்டர்நெட்டுக்கு. முதல் இரண்டிலும் 10 என்று தொடங்கும் முகவரி இருப்பது சகஜம். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். “இன்டர்நெட்” என்று குறித்திருக்கும் வரிசையே கணக்கு.

அந்த முகவரியை, கூகுளில் “என் ஐபி என்ன” என்று ஆங்கிலத்தில் தேடினால் கிடைக்கும் முகவரியோடு ஒப்பிடுங்கள். தேடும்போது போனிலோ கம்ப்யூட்டரிலோ விபிஎன் ஓடக் கூடாது. முக்காற்புள்ளிகளோடு நீளமாக எழுத்தும் எண்ணும் கலந்து வந்தால் அது ஐபிவி6. நமக்கு இப்போது வேண்டியது நான்கு எண்களாக இருக்கும் ஐபிவி4. இரண்டும் ஒன்றாக இருந்தால் நிம்மதி, வெளிவாசல் உங்கள் ஃபைபர் பெட்டிதான். மூன்றாம் படிக்குப் போங்கள். இரண்டும் வேறு வேறு என்றாலோ, பெட்டியின் முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் இருந்தாலோ, மூன்றாவதாக ஒரு வாசல் இருக்கிறது. அதன் சாவி உங்கள் கையில் இல்லை. நேராக ஐந்தாம் படிக்குப் போய்விடுங்கள்.

பெட்டிக்குள் நுழைய முடியாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து டி, ஆர், ஏ, சி, இ, ஆர், டி என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு 8.8.8.8 போடுங்கள். வரிசையாக வாசல்கள் வரும். முதல் இரண்டு வரியும் வீட்டு முகவரி என்றால் இரண்டு வாசல். அவற்றுக்கு அடுத்து 100.64 வகை ஒன்று வந்தால் மூன்றாவது வாசல் இருப்பதாகச் சந்தேகப்படலாம். அடுத்தடுத்த வரிகளில் 10 என்று தொடங்கும் முகவரி வருவதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். கம்பெனிகள் தங்கள் உள்வேலைக்கும் அதைப் புழங்குவார்கள்.

மூன்றாம் படி: ஒரு வாசலை எடுத்துவிடுவது

இரண்டு வாசலிலும் சீட்டு ஒட்டுவது ஒரு வழி. ஒரு வாசலையே பெயர்த்து எடுத்துவிடுவது இன்னொரு வழி. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான். சீட்டு இரண்டு இருந்தால் கிழிவதற்கு இரண்டு இடம்.

உள் ரவுட்டரை ஆக்சஸ் பாயின்டாக மாற்றுவதுதான் சுலபம். நான் செய்ததும் இதுவே. “ஆபரேஷன் மோட்” என்ற இடத்தில் “ரவுட்டர்” என்றிருப்பதை “ஆக்சஸ் பாயின்ட்” என்று மாற்றினால் அது முகவரி கொடுக்கும் வேலையை விட்டுவிட்டு வைஃபை பரப்பும் வேலையை மட்டும் பார்க்கும். சில பழைய ரவுட்டர்களில் இந்த வசதி இருக்காது. அப்போது கையால் செய்ய வேண்டும். முதலில் ரவுட்டரின் லேன் முகவரியை ஃபைபர் பெட்டியின் வரிசைக்கு மாற்றுங்கள்; பெட்டி 192.168.1.1 என்றால் ரவுட்டருக்கு 192.168.1.250 மாதிரி, பெட்டி தானாக வழங்கும் எண்களுக்கு வெளியே ஒன்று. அடுத்து தானாக முகவரி வழங்கும் டிஹெச்சிபி வசதியை அணைத்துவிடுங்கள். கடைசியாகக் கீழிருந்து வரும் கேபிளை ரவுட்டரின் வேன் துளையிலிருந்து பிடுங்கி லேன் துளையில் சொருகுங்கள். அம்புட்டுத்தான். இதன்பின் சர்வருக்குப் புது ஐபி வந்திருக்கும், ஹால் டிவிக்கும் சர்வர் தெரியும். உள் ரவுட்டரில் பிள்ளைகளுக்கென்று போட்டிருந்த நேரக் கட்டுப்பாடு மாதிரி விஷயங்கள் போய்விடலாம் என்பதுதான் நஷ்டம்.

நேர்மாறாக, ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு லைனை அப்படியே கடத்தும் நிலைக்கு) மாற்றி, நீங்கள் வாங்கிய நல்ல ரவுட்டரிடம் முழுப் பொறுப்பையும் கொடுக்கலாம். தொழில்நுட்பமாக இது இன்னும் சுத்தமானது. ஆனால் மதுரையில் நான் பார்த்த வரை, இதற்கு வீட்டுக்கு வருகிறவரின் தயவு வேண்டும். “அண்ணே, பிரிட்ஜ் போட்டுத் தர முடியுமா?” என்று கேட்டால், “அதெல்லாம் ஆபீஸ்ல கேக்கணும் சார், நெட்டு வருதுல்ல, அப்புறம் எதுக்கு?” என்ற பதில் எனக்கு இரண்டு முறை கிடைத்திருக்கிறது. நீங்களே செய்வதானால் பிபிபிஓஇ (கம்பெனியின் இணைப்புக்குள் நுழையும் முறை) பயனர் பெயர், பாஸ்வேர்ட், கம்பெனி கொடுக்கும் விலேன் எண் மூன்றும் கையில் இருக்க வேண்டும். எல்லா செட்டிங் பக்கங்களையும் மாற்றுவதற்கு முன் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லேண்ட்லைன் போன் அந்தப் பெட்டியில் ஓடினால் அது நின்றுபோக வாய்ப்பு உண்டு. சில இணைப்புகளில் பயனர் பெயரே கிடையாது, பெட்டியை வைத்தே அடையாளம் காண்பார்கள். அங்கே கம்பெனி ஒத்துக்கொண்டால்தான் பிரிட்ஜ்.

இரண்டு ரவுட்டரும் அப்படியே இருக்க வேண்டும் என்பவர்களுக்கு இரட்டைச் சீட்டு. உதாரணமாக: ஃபைபர் பெட்டி 192.168.1.1. உள் ரவுட்டரின் வேன் முகவரி 192.168.1.2, லேன் முகவரி 192.168.50.1. சர்வர் 192.168.50.20. ஃபைபர் பெட்டியில் “8096 வந்தால் 192.168.1.2-க்கு அனுப்பு” என்று போடுங்கள். உள் ரவுட்டரில் “8096 வந்தால் 192.168.50.20-க்கு அனுப்பு” என்று போடுங்கள். புதியவர்கள் இதில் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: ஃபைபர் பெட்டியில் நேராக சர்வரின் ஐபியைப் போட்டுவிடுவார்கள். வெளிவாசல்காரனுக்கு உள் வளவின் வீட்டு எண் தெரியாது. உள்வாசல்காரனிடம் ஒப்படைக்க மட்டும்தான் அவனால் முடியும்.

இந்த இரட்டைச் சீட்டு முறையில் இரண்டு ரவுட்டரின் லேன் பக்கமும் ஒரே 192.168.1 வரிசையில் இருந்தால் எதுவும் உருப்படாது. உள் ரவுட்டரின் லேன் முகவரியில் மூன்றாவது எண்ணை முதலில் மாற்றிவிடுங்கள்.

போர்ட் போர்ட்டாகப் போட அலுப்பாக இருந்தால், ஃபைபர் பெட்டியில் டிஎம்இசட் என்ற இடத்தில் உள் ரவுட்டரின் முகவரியைக் கொடுக்கலாம். வருகிற எல்லாவற்றையும் உள் ரவுட்டரிடம் தள்ளிவிடும், காவல் அதன் பொறுப்பு. அந்த இடத்தில் சர்வரின் முகவரியை மட்டும் எந்தக் காலத்திலும் போடாதீர்கள். எல்லாக் கதவையும் திறந்து வைத்துவிட்டுத் திருவிழாவுக்குப் போன கதையாகிவிடும்.

எந்த வழியில் போனாலும் முகவரிகளைக் கட்டிப்போட வேண்டும். ரவுட்டரில் “அட்ரஸ் ரிசர்வேஷன்” என்ற இடத்தில் சர்வரின் மேக் முகவரிக்கு (கருவிக்கே உரிய அடையாள எண்ணுக்கு) இன்ன ஐபிதான் என்று பதிந்துவிடுங்கள். இரட்டைச் சீட்டு என்றால் ஃபைபர் பெட்டியில் உள் ரவுட்டருக்கும் அதேபோல. இதைச் செய்யாமல் விட்டால், மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து கரண்ட் நிறுத்துகிறார்களே, அன்று சாயந்திரம் எல்லாம் மறுபடி எழுந்திருக்கும்போது சர்வருக்கு 20-க்குப் பதில் 23 வந்திருக்கும். சீட்டு பழைய வீட்டைக் காட்டிக்கொண்டிருக்கும்.

நான்காம் படி: சோதிப்பது

வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே உங்கள் பொது ஐபியை அடித்துச் சோதிக்காதீர்கள். வாசல் வழியாக வெளியே போய் அதே வாசல் வழியாகத் திரும்ப வருவதற்குப் பல ரவுட்டர்கள் விடாது. வெளியூரில் நன்றாக ஓடுவது வீட்டுக்குள் ஓடாததுபோல் தெரியும். போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பாருங்கள். போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் இணையதளங்களும் உண்டு. ஆனால் சர்வர் ஓடிக்கொண்டிருந்தால்தான் “திறந்திருக்கிறது” என்று வரும். லேப்டாப் மூடி தூங்கிக்கொண்டிருந்தால் எவ்வளவு சரியாக ஃபார்வர்ட் செய்திருந்தாலும் “மூடியிருக்கிறது” என்றே சொல்லும். இதில் எனக்கு ஒரு முழு இரவு போயிருக்கிறது.

இரட்டைச் சீட்டு போட்டு இன்னும் வரவில்லையென்றால் வாசல் வாசலாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு லேப்டாப்பை ஃபைபர் பெட்டியின் லேன் துளையில் கேபிள் போட்டு இணையுங்கள். அதாவது நீங்கள் இப்போது இரண்டு வாசலுக்கும் நடுவில் நிற்கிறீர்கள். பிரவுசரில் 192.168.1.2:8096 அடியுங்கள். சர்வர் திறந்தால் உள்வாசல் சரி, கோளாறு ஃபைபர் பெட்டியில். திறக்காவிட்டால் ஃபைபர் பெட்டியை இப்போதைக்கு மறந்துவிட்டு உள் ரவுட்டரையும் சர்வரின் ஃபயர்வாலையும் பாருங்கள். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிஷம் ஆகும். மூன்று வாரமும் எனக்கு இது தோன்றவே இல்லை.

பொது ஐபி அவ்வப்போது மாறும். பிளெக்ஸ் அதைத் தானே கவனித்துக்கொள்ளும். ஜெல்லிஃபினுக்கு டக்டிஎன்எஸ் மாதிரி ஒரு இலவச டைனமிக் டிஎன்எஸ் பெயர், அதாவது ஐபி மாறினாலும் மாறாத ஒரு பெயர், வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு ரவுட்டர் இருக்கும் வீட்டில் இதை உள் ரவுட்டரின் மெனுவிலிருந்து போட்டால், சில ரவுட்டர்கள் தன் வேன் முகவரியையே, அதாவது 192.168.1.2-ஐயே, உலகத்துக்கு அறிவித்துவிடும். ஐபி மாறும்போது அறிவிக்கும் சின்ன நிரலை சர்வரிலேயே ஓடவிடுவது நல்லது.

எல்லாம் சரியாக இருந்தும் பிளெக்ஸ் மட்டும் வெளியூரில் ஓடவில்லையென்றால் காரணம் ரவுட்டராக இல்லாமல் இருக்கலாம். 2025 ஏப்ரல் 29 முதல் தன் வீட்டுக்கு வெளியே இருந்து படம் பார்ப்பதைப் பிளெக்ஸ் கட்டண வசதியாக்கிவிட்டது. சர்வர்காரரிடம் பிளெக்ஸ் பாஸ் இருக்க வேண்டும், அல்லது பார்ப்பவரிடம் ரிமோட் வாட்ச் பாஸ் இருக்க வேண்டும். படம் வருகிறது, ஆனால் மங்கலாக வருகிறது என்றால், நேர்வழி கிடைக்காமல் பிளெக்ஸின் ரிலே (இடையில் நின்று கைமாற்றிவிடும் அவர்களின் சர்வர்) வழியாகப் போகிறது. அதில் வேகம் ஓரிரண்டு மெகாபிட்டுக்கு மேல் கிடைக்காது.

ஐந்தாம் படி: சாவி நம் கையில் இல்லாதபோது

மேலூரில் மாமனார் வீட்டுக்கும் இதே ஆசை வந்தது. போனில் வழி சொல்லிக்கொண்டே வந்தேன். ஃபைபர் பெட்டியின் வேன் ஐபியைப் படிக்கச் சொன்னேன். “மாப்பிள்ளை, நூறு புள்ளி எழுபத்தெட்டுன்னு ஆரம்பிக்குதே, சரியா பாருங்க” என்றார். சரியாகப் பார்த்ததில் அங்கேயே கதை முடிந்தது.

ஐபிவி4-இல் இருப்பதே சுமார் 430 கோடி முகவரி. உலகப் பொதுக் கையிருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று பங்கிடப்பட்டுவிட்டன. அதனால் கம்பெனிகள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. அந்தப் பகிர்வுக்கென்றே 2012-இல் 100.64 தொகுதியை ஒதுக்கினார்கள். இதற்குப் பெயர் சிஜி-நாட். பேட்டை முழுவதற்கும் ஒரே வாசல், அது கம்பெனி வளாகத்தில். உங்கள் வீட்டில் எத்தனை சீட்டு ஒட்டினாலும் அங்கே ஒட்ட முடியாது. இங்கே போர்ட் ஃபார்வர்டிங்கில் ஒரு நிமிஷம்கூட செலவழிக்காதீர்கள்.

கம்பெனியிடம் ஸ்டேட்டிக் ஐபி (உங்களுக்கென்று மாறாத பொது முகவரி) கேட்கலாம். தருகிற கம்பெனிகள் தனிக் கட்டணம் வாங்குவார்கள். இரு பக்கமும் ஐபிவி6 இருந்தால் அதன் வழியே போகலாம். ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி கிடைத்துவிடுவதால் நாட் தொல்லை இல்லை. ஆனால் ஃபைபர் பெட்டியின் ஐபிவி6 ஃபயர்வாலில் வழிவிட வேண்டும், உள் ரவுட்டர் ஆக்சஸ் பாயின்டாக இருந்தால்தான் சிக்கல் இல்லாமல் நடக்கும்.

புதியவர்களுக்கு நான் சொல்வது டெயில்ஸ்கேல். இது வயர்கார்ட் என்ற விபிஎன் முறையின் மேல் கட்டியது. சர்வரில் ஒன்று, பார்க்கிற போனில் ஒன்று நிறுவி, இரண்டிலும் ஒரே கணக்கில் நுழைந்தால் போதும். இரண்டு பக்கமும் உள்ளிருந்து வெளியே பேச ஆரம்பிப்பதால் வாசலில் இருப்பவன் தடுப்பதில்லை; வாசல் இரண்டானாலும் மூன்றானாலும் ஒன்றுதான். சர்வருக்கு ஒரு புது முகவரி கிடைக்கும். அதுவும் நூறில்தான் தொடங்கும், காரணம் டெயில்ஸ்கேலும் அதே 100.64 தொகுதியைத்தான் பயன்படுத்துகிறது. குழம்ப வேண்டாம். பிரவுசரிலோ ஜெல்லிஃபின் செயலியிலோ அந்த முகவரியோடு 8096 சேர்த்துக் கொடுத்தால் படம் ஓடும். ஆண்ட்ராய்டு டிவி, ஆப்பிள் டிவி இரண்டுக்கும் செயலி இருக்கிறது. மற்ற ஸ்மார்ட் டிவிகளுக்கு ஒரு ஆண்ட்ராய்டு பெட்டி வாங்கிச் சொருக வேண்டியிருக்கும். நேர்வழி அமையாவிட்டால் இதுவும் ரிலே வழியாகப் போகும், அப்போது வேகம் குறையும்.

எந்த போர்ட்டையும் திறக்காமல் வேலை நடப்பதால் பொது ஐபி இருப்பவர்களும் இதையே வைத்துக்கொள்ளலாம். நான் போர்ட்டைத் திறந்து வைத்ததற்குக் காரணம் அக்கா வீட்டு டிவியில் கூடுதலாக எதையும் நிறுவ முடியாததுதான்.

திறந்து வைப்பவர்கள் கவனிக்க

ஜெல்லிஃபினின் 8096 மறையாக்கம் இல்லாத வழி. திறந்துவிட்டு மறந்துபோகிற விஷயமில்லை இது. டொமைன் பெயரும் (சொந்த இணையப் பெயரும்) கேடி (Caddy) மாதிரி ஒரு ரிவர்ஸ் பிராக்ஸியும் (சர்வருக்கு முன்னால் நின்று வாங்கிக் கொடுக்கும் மென்பொருளும்) வைத்து, மறையாக்கம் உள்ள ஹெச்டிடிபிஎஸ் வழியாகக் கொடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அதுவரை டெயில்ஸ்கேலே போதும். சொந்தக்காரர்களுக்குத் தனித்தனிக் கணக்கு கொடுங்கள், அட்மின் கணக்கைக் கொடுக்காதீர்கள். ரவுட்டரின் ஆரம்ப பாஸ்வேர்டை மாற்றுங்கள். ரவுட்டர் மெனுவை வெளியிலிருந்து திறக்கும் வசதி இருந்தால் அணையுங்கள். 445 (விண்டோஸ் ஃபைல் பகிர்வு), 3389 (ரிமோட் டெஸ்க்டாப்) என்ற போர்ட் எண்களை யார் சொன்னாலும் வெளியே திறக்காதீர்கள்.

வேகத்தைப் பொறுத்தவரை, நீங்கள் பார்க்க வேண்டியது அப்லோட் வேகம். வீட்டிலிருந்து படம் வெளியே போகிறதே தவிர உள்ளே வரவில்லை. முழு ஹெச்டி படத்துக்கு ஒரு ஆளுக்கு 8 மெகாபிட் என்று கணக்கு வைத்துக்கொண்டு, சர்வரில் வெளியூர்க்காரர்களுக்கான உச்ச வேகத்தை அதற்கேற்பக் கட்டுப்படுத்துங்கள். பழைய லேப்டாப்பால் படத்தை உடனுக்குடன் சுருக்கித் தர முடியாமல் போகலாம்; அப்போதும் வட்டம்தான் சுற்றும், ஆனால் அதற்கும் ரவுட்டருக்கும் சம்பந்தமில்லை. சர்வரின் பிராசஸர் நூறு சதவீதத்தில் நிற்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

நான்காவது ஞாயிறு வெள்ளனே மாடி ரவுட்டரை ஆக்சஸ் பாயின்டாக மாற்றி, ஃபைபர் பெட்டியில் ஒரே ஒரு சீட்டு போட்டேன். பத்து மணிக்கு அக்கா போன் செய்தது. “ஏய், அந்தக் காதுகுத்துல ஓரமா நிக்கிறது நம்ம பெரியத்தைதானேடா? இம்புட்டு ஒல்லியா இருந்துச்சா?” என்றது. சர்வரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நான்கு கட்டம் போட்ட அந்தக் கல்யாணப் பத்திரிகையை எறிந்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கிறது. போன ஆடியில் இடி விழுந்து பெட்டி போய், லைன்மேன் புதிதாக ஒன்றை மாட்டிவிட்டுப் போனார். புதுப் பெட்டிக்கு நம் சீட்டும் தெரியாது, கட்டிப்போட்ட முகவரியும் தெரியாது. அந்தத் தாளைப் பார்த்து இரண்டாம் படியிலிருந்து மறுபடி ஒருமுறை ஓட்டியதில் இருபது நிமிஷத்தில் எல்லாம் பழையபடி வந்துவிட்டது.